குதிரையும் மாவு மூட்டையும்: நகுரு ஊர் தரும் வணிகப் பாடம்

குதிரைப் பந்தயம் என்றதும் குடும்பம் கெட்ட கதைகள்தான் நம் நினைவுக்கு வரும். வியாபாரி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சரியான சொல்தான். ஆனால் பந்தயத் திடலை எட்டிக்கூடப் பார்க்காத வியாபாரியும், பந்தயக்காரனை விடப் பெரிய பந்தயத்தைத் தன் கடைக்குள்ளேயே கட்டிவிட முடியும். கட்டியது அவனுக்கே தெரியாமலும் போகலாம்.

இதை விளக்குவதற்குக் கிழக்கு ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டில், நகுரு என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் அது விவசாயத்தை நம்பிய சந்தை ஊர். குதிரைப் பந்தயமும் அங்கே உண்டு. அந்த ஊரின் வியாபாரம் எப்படி நடந்தது, பக்கத்தில் ஒரு மாவு மில் முதலாளி எப்படி நொடித்துப்போனார் என்று முதலில் பார்ப்போம். பிறகு நம் கணக்குப் புத்தகத்துக்கு வருவோம்.

ஊர் உண்டான விதம்

மொம்பாசா துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு ரயில் பாதை போடும் வேலை 1896-இல் தொடங்கியது. 1899-இல் நைரோபிக்கும், 1901-இல் விக்டோரியா ஏரிக் கரைக்கும் பாதை வந்து சேர்ந்தது. இந்த வேலைக்கு நம் நாட்டிலிருந்து சுமார் 32,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டார்கள். நகுரு அந்தப் பாதையில் ஒரு ஸ்டேஷனாகப் பிறந்த ஊர். கடல் மட்டத்துக்கு மேல் 1,850 மீட்டர் உயரத்தில், ஓர் ஏரிக் கரையில், குளிர்ந்த சீதோஷ்ணத்தில் அமைந்தது.

ரயில் போட்ட கடனுக்கு வருமானம் வேண்டும். வருமானத்துக்குச் சரக்கு வேண்டும். ஆகவே ஆங்கில அரசு வெள்ளைக்கார விவசாயிகளை அழைத்து வந்து குடியேற்றியது. மாசாய் மக்கள் மாடு மேய்த்த நிலங்களை 1904-லும் 1911-லும் ஒப்பந்தம் என்ற பெயரில் வாங்கிக்கொண்டு, அவர்களை வேறிடத்துக்கு அனுப்பியது. டெலமியர் பிரபு என்பவர் நகுருவுக்கு அருகே நிஜோரோவில் 1903-இல் ஒரு லட்சம் ஏக்கர் பெற்றார். அவர் போட்ட கோதுமை துரு நோயால் அழிந்தது. நோய் தாங்கும் ரகம் கிடைக்கும் வரை அவர் கோதுமையில் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தார். 1908-இல் ‘உங்கா’ என்ற மாவு மில் கம்பெனியையும் தொடங்கினார். உங்கா என்றால் சுவாஹிலி மொழியில் மாவு. அந்தக் கம்பெனி நூறாண்டைக் கடந்தும் நடந்து வந்திருக்கிறது.

கடைக்காரர் யார்?

இந்த ஊர்களில் கடை வைத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். குஜராத், கட்ச், பஞ்சாப் பகுதிகளிலிருந்து போனவர்கள். கடைக்கு ‘டுக்கா’ என்றும், கடைக்காரருக்கு ‘டுக்காவாலா’ என்றும் பெயர். துகான் என்ற நம் நாட்டுச் சொல்லின் திரிபுதான் அது. கட்ச் பகுதியிலிருந்து சிறுவனாகப் போன அல்லிதினா விஸ்ராம் என்பவர், வணிகப் பாதையிலும் பிறகு ரயில் பாதையிலும் ஊருக்கு ஊர் கிளை வைத்து, 1916-இல் காலமாகும்போது அந்தப் பகுதியிலேயே பெயர் பெற்ற வியாபாரியாக இருந்தார்.

மேட்டு நிலங்களில் இந்தியர் விவசாய நிலம் வாங்கத் தடை இருந்தது. 1923-இல் லண்டன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையும் அந்தத் தடையை நீக்கவில்லை. ஆகவே நம்மவர்கள் சம்பாதித்ததை நிலத்தில் போட வழியில்லை. ஊருக்குள் கடை மனையில்தான் இருக்க வேண்டும். பணம் சரக்காக மாறி, சரக்கு மறுபடி பணமாக மாற வேண்டும்.

அந்தக் கடையில் என்ன விற்றது? உப்பு, சர்க்கரை, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, போர்வை, துணி, தேயிலை. வாடிக்கையாளர் இரண்டு வகை. ஒருவர், பண்ணையில் கூலி வேலை செய்த ஆப்பிரிக்கர். குடிசை வரியைப் பணமாகக் கட்ட வேண்டும் என்ற சட்டத்தால் கூலிக்குப் போக நேர்ந்தவர். அவர் கொஞ்சமாக வாங்குவார், கையில் காசு கொடுப்பார். மற்றவர் பண்ணை முதலாளி. அவர் நிறைய வாங்குவார், அறுவடைக்குப் பிறகு தருவதாகச் சொல்வார். முதல் வாடிக்கையாளரின் சில்லறைக் காசுதான் கடையை நடத்தியது. இரண்டாம் வாடிக்கையாளரின் பெரிய பில் பேரேட்டில் இருந்தது. நம் கடைகளிலும் இதே இரண்டு வகை உண்டு என்பது நமக்குத் தெரியும்.

பந்தய வாரம்

குடியேறிய வெள்ளையர் எங்கே போனாலும் முதலில் ஒரு கிளப்பும் ஒரு பந்தயத் திடலும் அமைப்பார்கள். நைரோபியில் 1900-களின் தொடக்கத்திலேயே பந்தயம் வந்துவிட்டது. நகுருவிலும் திடல் இருந்தது. ‘பந்தய வாரம்’ என்பது அவர்களுக்குத் திருவிழா. தூரத்துப் பண்ணைகளிலிருந்து மாட்டு வண்டியிலும் ரயிலிலும் ஊருக்கு வருவார்கள். குதிரை ஓடுவதைப் பார்ப்பதோடு, வங்கிக்குப் போவது, கடனைப் புதுப்பிப்பது, சாமான் வாங்குவது, நிலம் பேசுவது எல்லாம் அந்த ஒரு வாரத்தில்தான். நம் ஊர் மாட்டுத் தாவணியும் தேர்த் திருவிழாவும் சேர்ந்தது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

குதிரை வியாபாரத்துக்கு நல்ல வாடிக்கை. ஒரு பந்தயக் குதிரை சுமார் 450 கிலோ எடை இருக்கும். நாளொன்றுக்கு உலர் தீவனமாக ஏறத்தாழ பத்துக் கிலோ தின்னும். பத்துக் குதிரை கட்டியவருக்குத் தினமும் நூறு கிலோ, மாதம் மூன்று டன். ஓட்ஸ், குதிரை மசால், கோதுமைத் தவிடு என்று வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சேணம், லாடம், மருந்து, குதிரைக்காரர் சம்பளம் தனி. குதிரைக்காரரை அங்கேயும் நம் நாட்டைப் போலவே ‘சைஸ்’ என்றுதான் அழைத்தார்கள்.

இதெல்லாம் கடைக்கு விற்பனை. ஆனால் அந்த விற்பனைக்குப் பணம் எங்கிருந்து வர வேண்டும்? விளைச்சலிலிருந்து. விளைச்சல் எங்கிருந்து? மழையிலிருந்து. பந்தய வாரத்தில் நூறு பேருக்குக் கடன் கொடுத்த கடைக்காரர், நூறு பேரை நம்பியதாக நினைத்துக்கொள்வார். உண்மையில் அவர் நம்பியது ஒரே ஒரு மழையை. நூறு ரூபாயை நூறு குதிரைமேல் கட்டவில்லை. ஒரே குதிரைமேல் நூறு முறை கட்டியிருக்கிறார்.

மில் முதலாளியின் கதை

சார்லஸ் கிளட்டர்பக் என்ற ஆங்கிலேயர் 1904 வாக்கில் அங்கே வந்து நிஜோரோவில் பண்ணை அமைத்தார். குதிரை பழக்குவதில் கெட்டிக்காரர். காட்டைத் திருத்தினார், இரண்டு பழைய நீராவி எஞ்சின்களை வாங்கி நிலையாக நிறுத்தி மாவு மில் ஓட்டினார். அக்கம்பக்கத்துப் பண்ணைகளின் கோதுமையும் மக்காச்சோளமும் வண்டி வண்டியாக வந்து அரைபட்டு, மாவு மூட்டையாக ரயிலேறியது. கூடவே லாயத்தில் பந்தயக் குதிரைகள். அவர் மகள் பெரில் மார்க்கம் பிற்காலத்தில் விமான ஓட்டியாகப் பெயர் பெற்றவர். 1942-இல் வெளிவந்த தன் நூலில் தந்தையின் வியாபாரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்.

லாயம் நிறையக் குதிரை வைத்திருந்தவர் நொடித்துப்போனார் என்றால், பந்தயத்தில் தோற்றிருப்பார் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது அதுவல்ல.

போர் முடிந்த காலத்தையொட்டி மழை பொய்த்தது. கிளட்டர்பக் அதற்கு முன்பே, நூற்றுக்கணக்கான டன் மாவை இன்ன விலைக்கு, இன்ன தேதிக்குத் தருவதாக ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எழுதும்போது தானியம் மலிவு. தானியத்தை வாங்கி இருப்பு வைக்கவில்லை. அறுவடையில் வரும் என்ற கணக்கு. அறுவடை வரவில்லை. தானிய விலை ஏறியது. கடைசியில் மாவுக்கு அவருக்குக் கிடைக்கும் விலையை விட, அரைப்பதற்கு வாங்கும் தானியத்தின் விலை அதிகமாகிவிட்டது. ஒவ்வொரு மூட்டை அரைக்கும்போதும் கைப்பணம் போனது. ஆனாலும் கையெழுத்துப் போட்டதை அவர் நிறைவேற்றினார். பண்ணை போனது. அவர் குதிரை பழக்கும் வேலைக்குத் தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக்குக் கப்பலேறினார்.

மகள் குதிரைத் தொழிலையே கற்றுக்கொண்டு, நகுரு பந்தயத் திடலிலேயே தங்கிப் பிறருடைய குதிரைகளைப் பழக்கினார். 1926-இல் அவர் பழக்கிய குதிரை நைரோபியில் செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்றது. சூதாட்டம் என்று நாம் நினைக்கும் குதிரைத் தொழில் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது. கண்ணியமான தொழில் என்று நாம் நினைக்கும் மாவு வியாபாரம் அதைக் கவிழ்த்தது. இந்த முரண்பாட்டைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

நாணயமும் மாறியது

மழைக்குப் பிறகு இன்னோர் அடி. கிழக்கு ஆப்பிரிக்காவில் அப்போது நம் இந்திய ரூபாய்தான் செலாவணி. நெடுநாளாகப் பதினைந்து ரூபாய் ஒரு பவுன். போருக்குப் பின் வெள்ளி விலை ஏறியதால் ரூபாயின் மதிப்பும் ஏறியது. 1920-இல் அரசு பத்து ரூபாய் ஒரு பவுன் என்று நிலைநிறுத்தியது.

இதன் பொருளைக் கணக்காகப் பாருங்கள். பண்ணைக்காரர் விளைபொருளை லண்டனில் பவுனுக்கு விற்பவர். வங்கிக் கடனோ ரூபாயில். 15,000 ரூபாய் கடன் உள்ளவர் முன்பு 1,000 பவுனுக்குச் சரக்கு விற்றால் கடன் தீரும். மாற்றத்துக்குப் பிறகு 1,500 பவுனுக்கு விற்க வேண்டும். ஒரு பைசா புதிதாக வாங்காமலே கடன் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. அதே சமயத்தில் உலகச் சந்தையில் விளைபொருள் விலைகளும் சரிந்தன. அடுத்து ரூபாய் போய் ஃபுளோரின் என்ற நாணயம் வந்தது, பிறகு ஷில்லிங் வந்தது. ரூபாய் நம் நாட்டில் பழைய மதிப்புக்கு இறங்கிய பிறகும் அங்கே கடன்கள் உயர்ந்த மதிப்பிலேயே நின்றுவிட்டன.

பண்ணைக்காரருக்குக் கடன் கொடுத்த கடைக்காரருக்கு இது லாபம்தானே என்று கேட்கலாம். பேரேட்டில் லாபம்தான். கொடுக்க வேண்டியவர் கையில் பணம் இல்லையென்றால் பேரேடு வெறும் காகிதம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பந்தயத்துக்குப் போன ஒருவர் நூறு ரூபாய் கட்டினால், அவருக்கு வரக்கூடிய அதிகபட்ச நட்டம் நூறு ரூபாய். திடலுக்குள் நுழையும்போதே அது தெரியும். கையில் சரக்கு இல்லாமல் நிலைவிலை ஒப்பந்தம் எழுதியவருக்கு வரக்கூடிய அதிகபட்ச நட்டம் எவ்வளவு? அதற்கு எல்லை கிடையாது. லாபத்துக்கு மட்டும் எல்லை உண்டு.

ஓர் உதாரணம் சொல்கிறோம். தொகைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. ஒரு மளிகை வியாபாரி ஒரு விடுதிக்கு மாதம் 10 குவிண்டால் துவரம் பருப்பு, பத்து மாதத்துக்கு, குவிண்டால் 10,000 ரூபாய் என்று நிலைவிலை எழுதிக் கொடுக்கிறார். அன்றைய அடக்க விலை 9,500. குவிண்டாலுக்கு 500 லாபம். நூறு குவிண்டாலுக்கு 50,000 ரூபாய். நல்ல வியாபாரம்தான்.

மூன்று மாதம் சரியாக நடக்கிறது. லாபம் 15,000. நான்காம் மாதம் அடக்க விலை 13,000 ஆகிறது. மீதி 70 குவிண்டாலுக்குக் குவிண்டாலுக்கு 3,000 வீதம் நட்டம் 2,10,000. முதலில் வந்த 15,000 போக, நிகர நட்டம் 1,95,000 ரூபாய். ஐம்பதாயிரம் சம்பாதிக்கப் போனவர் இரண்டு லட்சத்தை இழந்தார். இதில் வட்டியைச் சேர்க்கவில்லை.

இப்படி விலை ஏறுமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். 2015-இல் துவரம் பருப்பு சில்லறையில் கிலோ 200 ரூபாய் அளவுக்குப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்கு முந்தைய ஆண்டு விலையை நம்பி எழுதிக் கொடுத்தவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தோம். சிலர் தரத்தைக் குறைத்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டார்கள். சிலர் பாதியில் நிறுத்தி முன்பணத்தை இழந்தார்கள். கிளட்டர்பக்கைப் போலக் கடைசி மூட்டை வரை கொடுத்தவர்களும் உண்டு. அவர்களுக்குப் பெயர் நின்றது, முதல் நிற்கவில்லை.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. விற்ற அன்றே வாங்குங்கள். நிலைவிலை ஒப்பந்தம் எழுதினால், அதற்கான சரக்கில் பாதியையாவது அதே வாரம் கொள்முதல் செய்து கிடங்கில் போடுங்கள். அல்லது அதே காலத்துக்கு நிலைவிலையில் தரும் நம்பிக்கையான மொத்த வியாபாரியிடம் எழுதி வாங்குங்கள். இரண்டும் முடியாது என்றால் ஒப்பந்தம் வேண்டாம். கிடங்கு வாடகையும் வட்டியும் வீண் செலவு அல்ல. நிம்மதியாகத் தூங்குவதற்குக் கொடுக்கும் விலை அது.

2. விலை மாறும் என்று எழுத்தில் போடுங்கள். “மாதம் முதல் தேதி இன்ன மண்டி விலையுடன் குவிண்டாலுக்கு இவ்வளவு சேர்த்து” என்று எழுதினால், ஏற்றமும் இறக்கமும் வாங்குகிறவரைச் சேரும். லாபம் குறைவாகத்தான் நிற்கும். ஆனால் நிற்கும்.

3. காலத்தைச் சுருக்குங்கள். ஒரு வருட ஒப்பந்தத்தை விட மூன்று மாத ஒப்பந்தம் நான்கு முறை எழுதுவது மேல். அடுத்த அறுவடையைத் தாண்டி விலை சொல்லாதீர்கள்.

4. “தேவைக்கேற்ப” என்ற சொல்லை விடாதீர்கள். மார்க்கெட் ஏறினால் அவருக்குத் தேவை கூடும். இறங்கினால் தேவை குறைந்து வெளியே வாங்கிக்கொள்வார். மாதத்துக்கு அதிகபட்சம் இவ்வளவு, குறைந்தபட்சம் இவ்வளவு என்று எழுதுங்கள்.

5. சீசன் கடனுக்குத் தனி எல்லை வையுங்கள். தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா விற்பனையைப் பார்த்து மனம் பொங்கும். ரொக்க விற்பனை எவ்வளவு, கடன் விற்பனை எவ்வளவு என்று அன்று இரவே பிரித்து எழுதுங்கள். கடன் வாங்கியவர்களில் எத்தனை பேர் ஒரே பயிரை, ஒரே ஆலையை, ஒரே சம்பளத் தேதியை நம்பியவர்கள் என்று எண்ணுங்கள்.

6. எந்த ஒரு ஒப்பந்தமும் மோசமாகப் போனால் எவ்வளவு போகும் என்று முதலிலேயே கணக்கிடுங்கள். விலை நூற்றுக்கு முப்பது ஏறியதாக வைத்துப் பாருங்கள். அந்த நட்டம் உங்கள் மொத்த முதலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், ஒப்பந்தத்தின் அளவைக் குறையுங்கள். இது நாம் வழக்கமாக வைத்திருக்கும் அளவுகோல். அவரவர் தாங்கும் சக்திக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

7. சில்லறைக் காசை அலட்சியம் செய்யாதீர்கள். பெரிய பில்லுக்காரரைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறோம். கால் கிலோ சர்க்கரை கேட்டு நிற்பவரைக் காக்க வைக்கிறோம். நகுருவில் கடையை நடத்தியது கால் கிலோ வாங்கியவர்தான். இங்கேயும் அப்படித்தான்.

கடைசியாக ஒன்று. கிளட்டர்பக் ஒப்பந்தத்தை மீறவில்லை என்பதை நாம் குறையாகச் சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதுதான் வியாபாரம். ஆனால் சொல்லை மீறத் துணிந்தவன் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுப்பான். அவனுக்கு அதில் பயம் இல்லை. சொல்லைக் காப்பாற்ற நினைக்கிறவர்தான் அதை அளந்து கொடுக்க வேண்டும். தராசில் பருப்பை நிறுப்பதற்கு முன், பேனாவில் வாக்கை நிறுக்கப் பழகுவோம்.

பயிற்சி

உறுப்பினர்கள் கீழ்க்கண்ட மூன்றையும் தங்கள் கணக்குப் புத்தகத்தை வைத்துச் செய்து பார்க்கலாம். பிள்ளைகள் கடையைக் கவனிக்கிறார்கள் என்றால் அவர்களைச் செய்யச் சொல்வது இன்னும் நல்லது.

அ) இன்றைய தேதியில் நீங்கள் விலை பேசி முடித்து, இன்னும் கொள்முதல் செய்யாத சரக்கு எவ்வளவு? பொருள்வாரியாகப் பட்டியல் எழுதுங்கள்.

ஆ) அந்தச் சரக்கின் விலை நூற்றுக்கு முப்பது ஏறினால் நட்டம் எவ்வளவு? அந்தத் தொகை எந்தப் பெட்டியிலிருந்து வரும்?

இ) வர வேண்டிய பாக்கியில், ஒரே மழை அல்லது ஒரே தொழிலை நம்பியவர்களிடம் உள்ள தொகை எத்தனை பங்கு? பாதிக்கு மேல் இருந்தால், இந்த மாதம் யாரிடம் முதலில் வசூல் கேட்பது என்று பெயர் குறியுங்கள்.